ஓட்டில்லாதவன் கொண்டாடிய வெற்றி

ஓட்டு இல்லாதவனுக்குத்தான் தேர்தல் ஜுரம் அதிகமாக ஏறும். ஓட்டு உள்ளவன் போய்ப் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கிவிடுவான். எனக்கு அந்த வசதி கிடையாது. 2006 நவம்பரில் நான் வர்ஜீனியாவில், ஃபேர்ஃபாக்ஸ் பக்கம், எச்-1பி விசாவில் குடியிருந்தேன். வரி கட்டலாம், வாசலில் பனி வழிக்கலாம், ஓட்டு மட்டும் போடக்கூடாது. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றம் யார் கைக்குப் போகப்போகிறது என்ற கவலையில் அந்த மாநிலத்திலேயே என் அளவுக்கு இளைத்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த ஊர் ஏற்பாடு விசித்திரமானது. ஜனாதிபதிக்குப் பதவி 4 வருஷம். 2 வருஷம் முடிந்ததும் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மறுபடி தேர்தல். அதில் ஜனாதிபதியின் கட்சி உதை வாங்குவது ஏறக்குறைய சாஸ்திரம். பிரதிநிதிகள் சபையில் அப்படி நடக்காத 1934, 1998, 2002 எல்லாம் அதிசய வருஷங்களாகவே நினைவுகூரப்படுகின்றன. வீட்டுச் சாவியை நாலு வருஷத்துக்கு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டாம் வருஷம் பீரோவின் பூட்டை மட்டும் மாற்றிவிடுகிற குடும்பம் மாதிரி. அப்புறம் 'வீட்டில் ஒரு வேலையும் நடப்பதில்லை' என்று புலம்புவதும் அதே குடும்பம்தான்.

தேர்தலை வேறு செவ்வாய்க்கிழமை வைக்கிறார்கள். 1845-இல் போட்ட சட்டம். ஞாயிறு மாதா கோயில், புதன் சந்தை, நடுவில் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர அவகாசம் வேண்டும் என்று விவசாயிகளுக்காகச் செய்ததாம். வண்டியும் போய்விட்டது, சந்தையும் போய்விட்டது. செவ்வாய் மட்டும் அசையாமல் இருக்கிறது.

எங்கள் செனட்டர் ஜார்ஜ் ஆலன், குடியரசுக் கட்சிக்காரர். அப்பா வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகப் புகழ்பெற்றவர். மகன் ஆளுநராக இருந்து செனட்டரானவர். கௌபாய் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பார். 2008-இல் ஜனாதிபதி பதவிக்கே நிற்பார் என்று பேச்சு. அவரை எதிர்க்க ஜனநாயகக் கட்சி தேடிப்பிடித்த ஜிம் வெப், ரீகன் காலத்தில் கடற்படைச் செயலாளராக இருந்தவர். ஈராக் போருக்குப் போன மகனின் ராணுவ பூட்ஸை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டுக் கேட்டார். தோளில் கிடக்கும் துண்டைப் பார்த்தே கட்சியைக் கண்டுபிடித்துப் பழகிய நான், முதல்முறையாக வேட்பாளர்களின் காலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆகஸ்டில் பிரேக்ஸ் என்ற மலையோர ஊரில் ஆலன் ஒரு கூட்டம் போட்டார். வெப்பின் தரப்பிலிருந்து 20 வயது இந்திய வம்சாவளி மாணவன் ஒருவன் வீடியோ கேமராவுடன் அவர் போகும் இடமெல்லாம் போய்ப் படம்பிடித்துக்கொண்டிருந்தான். ஆலன் அவனைக் கைகாட்டி, ஒரு குரங்கினத்தின் பெயரால் அழைத்து, 'அமெரிக்காவுக்கு வருக' என்கிற ரீதியில் வரவேற்பும் கொடுத்தார். பையன் பிறந்தது வர்ஜீனியாவில். ஆலன் பிறந்தது கலிபோர்னியாவில். வெளியூர்க்காரர் உள்ளூர்க்காரனை வரவேற்றார்! அதையும் எதிர்க்கட்சியின் கேமராவைப் பார்த்துக்கொண்டே செய்தார் என்பதுதான் இதில் அழகு. யூடியூப் அப்போது பிறந்து இரண்டு வயது நிரம்பாத குழந்தை. இருந்தாலும் அந்தக் குழந்தை ஒரு செனட்டரைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் ஓடியது.

அதுவரை வாடகை வீடு, வெட் கிரைண்டர் தவிர வேறெதையும் பேசாத எங்கள் தமிழர் மின்னஞ்சல் குழு, ஒரே இரவில் அரசியல் உயர்மட்டக் குழுவாக மாறியது. ஓட்டுரிமை உள்ளவர்கள் அதில் சொற்பம். ஆனால் கருத்துரிமை எல்லோருக்கும் இருந்தது.

நவம்பர் 7 இரவு என் வீட்டு டிவி அணையவே இல்லை. நம் தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுவதற்கும் முடிவு சொல்ல இங்கே ஓர் ஆணையம் கிடையாது. செய்தி நிறுவனங்களே கணக்குப் போட்டு 'இன்னார் ஜெயித்தார்' என்கின்றன. தோற்றவரும் ஜெயித்தவரைப் போனில் கூப்பிட்டு வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போகிறார். (அந்தக் காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் போனார்கள். பிற்காலம் வேறு கதை.) பிரதிநிதிகள் சபை அன்றிரவே ஜனநாயகக் கட்சி பக்கம் சாய்ந்துவிட்டது. கடைசிக் கணக்கு 233. செனட் மட்டும் எங்கள் வர்ஜீனியாவில் வந்து தொங்கியது. 23 லட்சத்துக்கும் மேலே விழுந்த ஓட்டுகளில் வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் கீழே. 9ஆம் தேதி ஆலன் தோல்வியை ஒப்புக்கொள்ள, இரண்டு சுயேச்சைகளையும் சேர்த்து 51-49 என்று செனட்டும் கைமாறியது. பத்தாயிரம் ஓட்டை நாம் ஒருவரே புரட்டினோம் என்கிற தோரணையில் எங்கள் குழுவில் ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். பச்சை அட்டைகூட இல்லாதவர்கள் எழுதியவைதான் நீளமான கடிதங்கள். என் வீட்டில் பாயசம் வைத்தோம்.

இந்த சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று காலிங் கார்டைச் சுரண்டிச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். சித்தப்பா திருத்துறைப்பூண்டிக்காரர். அந்தப் பக்கத்து வழக்கப்படி வாலிபத்திலிருந்தே கம்யூனிஸ்ட்.

"என்னடா, அங்க சிவப்பு தோத்துடுச்சாமே?" குரல் கம்மியிருந்தது.

"என்ன சித்தப்பா சொல்றீங்க?"

"டிவில மேப் காட்டினான்டா. அமெரிக்காவுக்கு நடுவுல பூரா சிவப்பு! இத்தனை வருஷமா ஒருத்தனும் எங்களுக்குச் சொல்லவே இல்லியே."

"சித்தப்பா, இங்க சிவப்புன்னா புஷ்ஷோட கட்சி."

மறுமுனையில் அமைதி. கார்டில் நிமிஷங்கள் கரைந்தன.

"புஷ்ஷா? அந்தாளுக்கு யாருடா சிவப்பைக் குடுத்தது?"

டிவிக்காரர்கள் கொடுத்தது. அதுவும் 2000-ஆம் வருஷத் தேர்தலில்தான் நிலைத்தது, அதற்குமுன் சேனலுக்குச் சேனல் நிறம் மாறும் என்று விளக்கினேன். சித்தப்பா சமாதானமாகவில்லை.

"சரி, புஷ் போயிட்டாரா?"

"இல்ல, இன்னும் ரெண்டு வருஷம் இருப்பார்."

"மந்திரிங்க?"

"அவங்களும் அவர் ஆளுங்கதான்."

"அப்புறம் நீங்க என்னத்தடா ஜெயிச்சீங்க?"

"சபை ரெண்டும் சித்தப்பா. இவங்க மசோதா போடுவாங்க, அவர் வீட்டோ போடுவார்."

"ஓட்டுப் போட்டவனுக்கு என்ன குடுத்தாங்க?"

"ஒரு ஸ்டிக்கர். ஓட்டுப் போட்டேன்னு சட்டையில ஒட்டிக்கலாம்."

அந்த வருஷம் மே மாதம்தான் தமிழ்நாட்டில் தி.மு.க. இலவசக் கலர் டிவி வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்திருந்தது. சித்தப்பா இரக்கத்தோடு சொன்னார். "சரி விடு. வயசு இருக்கு. இங்கே வந்துடு."

ஒரு விஷயத்தில் சித்தப்பாவிடம் நான் சொன்னது முழுசாகச் சரியில்லை. ஒரு மந்திரி போயிருந்தார். பாதுகாப்புச் செயலாளர் ரம்ஸ்ஃபெல்ட் கடைசிவரை இருப்பார் என்று தேர்தலுக்குச் சில நாள் முன்பு சொன்ன புஷ், வாக்குப்பதிவுக்கு மறுநாளே அவரை அனுப்புவதாக அறிவித்தார். தன் கட்சி செம அடி வாங்கியதையும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார். தோற்றவர் 'இது தோல்வியே அல்ல' என்று அறிக்கை விடும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது கொஞ்சம் அநாகரிகமாகவே பட்டது.

ஜனவரியில் நான்சி பெலோசி சபாநாயகர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். அவருடைய அப்பா காங்கிரஸ் உறுப்பினராகவும் பால்டிமோர் மேயராகவும் இருந்தவர், அண்ணனும் அதே ஊரில் மேயர். இதைப் படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து மனசு லேசானது.

ஜனங்கள் ஈராக் போர்மேல் இருந்த கோபத்தில்தான் ஓட்டுப் போட்டார்கள். அதே ஜனவரியில் புஷ் ஈராக்குக்கு இன்னும் 20,000 பேருக்கு மேல் துருப்புகளை அனுப்புவதாக அறிவித்தார். படைகளைத் திரும்பக் கூப்பிடக் காலக்கெடு வைத்த மசோதாவை மே மாதம் வீட்டோ செய்தார். அப்படியானால் எதுவுமே மாறவில்லையா என்றால், மாறியது. பெயர்ப்பலகை மாறியது. பிரதிநிதிகள் சபையில் கல்விக்கென்று ஒரு கமிட்டி உண்டு. ஜனநாயகக் கட்சி வந்தால் அதன் பெயர் 'கல்வி மற்றும் தொழிலாளர்'. குடியரசுக் கட்சி வந்தால் 'தொழிலாளர்' என்ற சொல்லில் தொழிற்சங்க வாடை அடிக்கிறதென்று 'கல்வி மற்றும் பணியாளர் வளம்' என்று திருத்திவிடுவார்கள். 2007-இல் மாற்றினார்கள், 2011-இல் திருப்பினார்கள், 2019-இல் மறுபடி, 2023-இல் மறுபடி. வாஷிங்டனில் எனக்கு எந்த வியாபாரம் வைத்துக்கொடுத்தாலும் வேண்டாம், அந்த போர்டு எழுதும் கான்ட்ராக்ட் மட்டும் கிடைத்தால் போதும்.

ஸ்பூனும் மாறியது. பெலோசி தலைமையில் சபையின் கேன்டீனைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக ஆக்கக் கிளம்பி, மண்ணில் மக்கும் ஸ்பூன், முள்கரண்டி எல்லாம் கொண்டுவந்தார்கள். சூடான சூப்பில் விட்டால் ஸ்பூன் வளைந்துபோகிறது என்று புலம்பல் எழுந்தது. 2010-இல் ஒபாமாவின் கட்சி 63 இடங்களைப் பறிகொடுத்து, சபை குடியரசுக் கட்சிக்குத் திரும்பியது. வந்தவர்கள் முதல் காரியமாக மக்கும் திட்டத்தை மூட்டை கட்டிவிட்டுத் தெர்மோகோல் டம்ளரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆட்சி மாற்றத்தைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த கேன்டீனில் காபி குடித்தால் போதும்.

எங்களுக்கு வரவேண்டியது டம்ளர் அல்ல, பச்சை அட்டை. 2007 கோடையில் பெரிய குடியேற்றச் சீர்திருத்த மசோதா ஒன்று செனட்டுக்கு வந்தது. ஆதரவு யார் யார் தெரியுமா? ஜனாதிபதி புஷ் ஒரு பக்கம், செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் ஒரு பக்கம். இந்த நாட்டில் அபூர்வமாக நேரும் கிரகச் சேர்க்கை. அதிலிருந்த மதிப்பெண் முறை எங்களுக்கு நல்லதா கெட்டதா என்று மின்னஞ்சல் குழு இரண்டாகப் பிளந்து, இரண்டு குடும்பங்கள் நவராத்திரிக்குச் சுண்டல் பரிமாறிக்கொள்வதையே நிறுத்தும் அளவுக்குப் போயிற்று. மேலே கொண்டுபோக 60 ஓட்டு வேண்டும். ஜூன் 28-ஆம் தேதி 46 தான் விழுந்தது. எதிர்த்து விழுந்தவை 53. அந்த 53-இல் ஒன்று, நாங்கள் பாயசம் வைத்துக் கொண்டாடிய ஜிம் வெப் போட்டது.