மிதித்தலும் இளைத்தலும்: ஓர் ஆய்வு

தினம் அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் எத்தனை நாளில் எத்தனை கிலோ இறங்கும் என்ற வினா, பெரும்பாலும் சைக்கிள் வாங்குவதற்கு முன்பே எழுவது. வண்டி கடையில்தான் நிற்கும். பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைக்க ஆள் தேடத் தொடங்கியிருப்பார்கள்.

இத்துறைக்கு மூல நூற்பா வகுத்தவர் நியூயார்க் மருத்துவர் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி. 1958இல் அவர் சொன்னது: ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி. கிலோவுக்கு ஏறத்தாழ 7,700.

இனி உரை. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு, எடையில் கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி வீதம் செலவழிக்கிறது. மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் அதைப்போல 6.8 மடங்கு. 70 கிலோ ஆசாமிக்கு அரை மணியில் 238 கலோரி. வாரம் ஐந்து நாள் மிதித்தால் ஆறரை வாரத்தில் ஒரு கிலோ. சுபம்.

அற்றன்று. அந்த ஆசாமி நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்திருந்தாலும் அதே அரை மணியில் 35 கலோரி செலவாகியிருக்கும். அதையும் சைக்கிள் கணக்கில் சேர்ப்பது, அண்ணன் வைத்த மொய்யைத் தம்பி பேரில் எழுதுவதுபோல. கழித்தால் மிச்சம் 203. ஆறரை வாரம் ஏழரையாகிறது. எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் மணியடித்து நலம் விசாரித்தபடி, 16 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் போகிறவருக்கு மடங்கு 4தான். அவருக்கு நிகரம் 105. ஒரு கிலோ குறைய ஏறத்தாழ பதினைந்து வாரம். அந்த 105ஐயும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விழுங்கிவிடும்: 14 கிராம், 126 கலோரி. பூரி செட் சொல்பவர்கள் இவ்விடத்தை இருமுறை படிக்கவும்.

கலோரி எண்ணிக் காட்டும் கைக்கடிகாரமே சாட்சி என்பாருமுளர். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் பெரும்பாலானவை தேறின. கலோரியில் முதல் மாணவனே சராசரியாக 27 சதவீதம் பிழை. கடைசி மாணவன் 93.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வில்லங்கம் உடம்பிலேயே இருக்கிறது. இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு. ஆகவே முதல் கிலோவின் விலைக்குப் பத்தாவது கிலோ கிடைக்காது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011இல் லான்செட் இதழில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியது: கலோரியை நிரந்தரமாகக் குறைத்துக்கொண்டாலும், குறைய வேண்டிய எடையில் பாதி குறையவே சுமார் ஓராண்டு. விஷ்னோஃப்ஸ்கியின் நேர்கோட்டை ஐந்தாண்டு நீட்டிப் பார்ப்பவர்கள் இதை அறியாதவர்கள், அல்லது அறிய விரும்பாதவர்கள். பின்னவரே அதிகம் என்பது நம் துணிபு.

எஞ்சியது நிறுவை. வெயிலில் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு எடை மெஷினில் ஏறினால் அரைக் கிலோகூடக் குறைந்திருக்கலாம்; போனது வியர்வை. எனவே தண்ணீர் குடிக்குமுன் நிறுப்பதா, குடித்தபின் நிறுப்பதா என்பதில் இரு மரபுகள் உண்டு. முன்னதற்கே சீடர் அதிகம்.