எது என்கொயரி, எது இன்கொயரி?

கேள்வி: என்கொயரி, இன்கொயரி, இன்வெஸ்டிகேஷன்... எதை எங்கே போடுவது?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: ராஜபாளையம் ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் என்கொயரி. அதே ரயிலில் சும்மா சங்கிலியை இழுத்தவரை அதிகாரிகள் உட்காரவைத்துக் கேட்டால் இன்கொயரி. இது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்களுக்கு இரண்டுமே பெரும்பாலும் இன்கொயரிதான்.

சட்டம் இன்னும் கறார். வழக்குக்குப் போலீஸ் ஆதாரம் திரட்டினால் அது இன்வெஸ்டிகேஷன். மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ நடத்துவது இன்கொயரி. டிரையல் அதில் சேராது. 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்தக் கோடு, 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டம் வந்த பிறகும் அழியவில்லை. நம் செய்தித்தாள்கள்தான் மூன்றையும் தாராளமாக ‘விசாரணை’ ஆக்கிவிடுகின்றன.

போகிற போக்கில் இன்னொன்று. படித்த பாடம் ‘லேர்ன்ட்’. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலை மரியாதையாகக் குறிப்பிடும்போது ‘லேர்னெட்’ என்று இரண்டு அசையாக இழுக்க வேண்டும். அவர் படித்தாரா இல்லையா என்று அங்கே யாரும் என்கொயரி செய்வதில்லை!