வல்வில் ஓரியின் அம்பும் பொருந்தாத பேனாவும்: ஒரு கொல்லிமலைக் கோட்பாடு

ஒரே ஸ்டைலஸ் எல்லா டேப்லெட்டிலும் எழுதுமா என்னும் வினாவுக்கு விடை தேடும் ஆய்வுலகம் கலிபோர்னியாவையே சுற்றிச் சுற்றி வருவது வருந்தத்தக்கது. இந்த வினாவை முதலில் எழுப்பியவன் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் தரும் சான்றின்படி, ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் மலையில் எடுக்கும் விழாவில் இதை வில்லாண்மை என்று மட்டும் கொண்டாடுகிறார்கள். ஐந்து வேறு அமைப்புகளில், எந்த அமைப்பையும் மாற்றாமல், ஒரே கருவி வேலை செய்தது என்பதே இதன் தொழில்நுட்பச் சிறப்பு.

இன்றும் விலங்குகள் ஏறக்குறைய ஐந்துதான், அம்புதான் இல்லை. ஆப்பிளின் பென்சில், மைக்ரோசாஃப்டின் எம்.பி.பி., வாகாமின் ஏ.இ.எஸ்., அதே வாகாமின் இ.எம்.ஆர்., 2015-இல் தொடங்கிய கூட்டமைப்பின் யு.எஸ்.ஐ. என்று ஒவ்வொரு பேனா முறையும் தனி மொழி பேசுகிறது. ஆப்பிள் யானைக்கு இணை: தன் பாகனைத் தவிர எவருக்கும் அடங்காது, சில சமயம் பழைய பாகனுக்கும் அடங்காது. 2018-இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பென்சிலை 2024-இன் ஐபேட் ப்ரோ ஏற்பதில்லை. இ.எம்.ஆர். ஐயமின்றி உடும்பு. பேனாவுக்கு மின்சாரம் ஊட்டும் தகடு திரைக்கு அடியில், புற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் சாம்சங்கின் எஸ் பென் பேட்டரி இல்லாமலே எழுதுகிறது. அந்தத் தகடு இல்லாத திரையில் அதே பேனா வெறும் குச்சி. ஆகவே பேனாவை முதலில் வாங்கிவிட்டு டேப்லெட்டைத் தேடுவது, அம்பை விட்டபின் காட்டை வளர்ப்பதாகும். டேப்லெட்டின் மாடல் எண், அது ஏற்கும் முறை, பிறகே பேனா என்பதே வரிசை.

புலவர் கூற்று மிகை, அதைச் சான்றாகக் கொள்ளலாமா என்பார் உளர். கொள்ளலாம். எய்தவன் யாரென்று அறியாமலே வன்பரணர் பார்த்தார். ‘இவன் ஓரிதானோ, அல்லனோ’ என்ற ஐயம் பாட்டிலேயே இருக்கிறது. இதைவிட நடுநிலையான சோதனையை எந்த ஆய்வகமும் நடத்தியதில்லை. பரிசில் பிறகுதான் வந்தது. ‘எல்லா டேப்லெட்டுக்கும் பொருந்தும்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடிப்பவரோ பணத்தை முன்பே வாங்கிவிடுகிறார்.

பனையோலைக் காலத்தில் எந்த எழுத்தாணியும் எந்த ஓலையிலும் எழுதவில்லையா என்பது வலுவான மறுப்பு. எழுதியது, ஆனால் விலையை எழுத்து கொடுத்தது. ஓலை கிழியுமென்று புள்ளிகளை வைக்காமல் விட்டார்கள். மெய் எது, உயிர்மெய் எது, எகரம் எது, ஏகாரம் எது என்று பதிப்பாசிரியர்கள் பின்னால் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஓலை எழுத்துக்கு நிபந்தனை போட்டது, திரை எழுதுகோலுக்குப் போடுகிறது. நிபந்தனை போடாத எழுதுபரப்பு வரலாற்றில் இல்லை.

ரப்பர் முனை வைத்த மலிவுப் பேனா எல்லாவற்றிலும் வேலை செய்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான், ஆனால் அது எழுதுகோலன்று, விரலின் வேடம். விரல் பட்டதும் திரையின் மின்தேக்கம் மாறுகிறது. ரப்பர் முனை அதே மாற்றத்தைச் செய்து திரையை ஏமாற்றுகிறது. அழுத்தம் தெரியாது, ஊன்றிய உள்ளங்கையைப் பிரித்தறியாது, மொத்தையான முனையில் ‘ஞ’வின் சுழிகள் ஒன்றாகிவிடும். படம் வரைவோரும் பாடக்குறிப்பு எழுதுவோரும் இதைத் தொடவேண்டாம்.

வெறுமனே தட்டவும் தள்ளவும் மட்டும் என்றால் அந்த ரப்பருக்கும் செலவழிப்பது வீண். 2010-ஆம் ஆண்டுக் குளிரில் கையுறையைக் கழற்ற மனமில்லாத தென்கொரியர்கள் சிறு சாசேஜால் ஐபோன் திரையைத் தொட்டதாகச் செய்தி வந்தது. நீரும் உப்பும் உள்ள எதுவும் இதற்குப் போதும் என்பதே அதன் பொருள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே விளையும் கொல்லிமலை வாழைப்பழம் இந்த நிபந்தனையை நிறைவு செய்கிறது. ஐந்து வகை டேப்லெட் திரைகளும் பொதுவாக விரலையும் ஏற்பவை ஆதலால் ஐந்திலும் செல்லும். ஓரியின் அம்புக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே வாரிசு இதுதான் எனத் துணியலாம். எறும்பு மொய்க்குமே எனின், மொய்க்கட்டும். அதன் உடலால் நேரும் மின்தேக்க மாற்றம் மிகச் சிறிது, திரை பொருட்படுத்தாது.