அக்கரையிலிருந்து காணி பார்த்தல்

மன்னாரில் காணி வாங்கப் புறப்படுகிறவருக்கு இரண்டு வழி: பாலம் தாண்டித் தீவுக்குள் எழுத்தூர், சின்னக்கடைப் பக்கம் போவது; தாண்டாமல் திருக்கேதீஸ்வரத்தோடு நின்றுவிடுவது.

எழுத்தூர்த் தரகர் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கிட்ட என்பார். மாரியில் வெள்ளமும் கிட்ட என்பதைச் சொல்லமாட்டார். "மதிலை உயர்த்திக் கட்டுங்கோ" என்பார். கள்ளனுக்காக அல்ல, கழுதைக்காக. உறுதி எழுதாமலே வளவுக்குள் குடியேறும் உரிமை மன்னாரில் கழுதைக்கு மட்டுந்தான்.

திருக்கேதீஸ்வரத் தரகர் கோயிலின் பாலாவித் தீர்த்தத்தைக் காட்டித் தேவாரத்தைச் சாட்சிக்கு அழைப்பார்: "சம்பந்தரும் சுந்தரரும் பாடின இடம், தம்பி!" பாடியது உண்மை. இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார்கள் என்கிறது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். "கிணத்துத் தண்ணி உவரோ?" என்றால், "சிவராத்திரிக்கு வந்து பாருங்கோ, எவ்வளவு சனம்!" என்று பதில் வரும்.

கடலுக்கு அப்பால் நின்று புகழும் மரபை இன்று கனடா, லண்டன் மருமக்கள் காக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்த கையோடு, "மாமா, ஊர்தான் நிம்மதி, உடனே அட்வான்ஸ் குடுங்கோ" என்பார்கள். பதிகம் அவர்களுடையது; பெர்மிட் காணியா, உறுதிக் காணியா என்று பிரதேச செயலக வரிசையில் காயும் தலை மாமாவுடையது.