ஜபமும் பீரும்

பெல்ஜியம் தேசத்தில் வெஸ்ட்ஃப்லெட்டரன் என்னும் சிற்றூரில் 1831-ல் ஸ்தாபிதமான புனித சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள், விடியுமுன் எழுந்து ஜபம் செய்து, இடைப்பட்ட வேளையில் பீர் காய்ச்சுகிறார்கள் என்றால் நம்மூர் மதுவிலக்குப் பிரசங்கிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் அனுசரிக்கும், ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த நியமமோ, தன் கைத்திறத்தால் மடத்துக்கு லாபம் என்று கர்வப்படுகிறவனை அந்தத் தொழிலிலிருந்தே விலக்கிவிடச் சொல்கிறது. சரக்கையும் வெளியாரைவிடச் சற்று மலிவாகவே விற்கச் சொல்கிறது. இதை நம் காரியாலயங்களில் அமல் செய்தால், மேலதிகாரிகளின் அறைகள் ஒரே நாளில் காலியாகி, தியான மண்டபத்துக்கு இடம் தாராளமாகக் கிடைத்துவிடும்.

2005-ல் இந்த மடத்துப் பீரே உலகில் தலைசிறந்தது என்று ரசிகர்கள் தீர்ப்பளிக்க, மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. துறவிகளோ உற்பத்தியை ஒரு பீப்பாய்கூடக் கூட்டவில்லை. முன்கூட்டியே டெலிபோனில் கார் நம்பரைப் பதிந்து, அளந்து கொடுக்கும் பெட்டிகளோடு திருப்தியடைய வேண்டும் என்றார்கள். ஜபத்தில் கடவுளை எட்டினாலும் எட்டலாம், அந்நாளில் அந்த டெலிபோனை எட்டுவது துர்லபமாக இருந்தது. மடத்தைப் புதுப்பிக்கப் பணம் வேண்டியிருந்தபோது மட்டும் கொஞ்சம் அதிகமாகக் காய்ச்சிக் கடையில் விற்றார்கள். பிறகு பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள்.

இதைக் கேட்ட ஆடிட்டர் நண்பர் ஒருவர் வெகுநேரம் கண்மூடி மௌனமாக இருந்தார். தியானம் கைகூடிவிட்டது என்றே நினைத்தேன். கைவிட்ட லாபத்தை மனக்கணக்குப் போட்டாராம்.