தூத்துக்குடி வீட்டு மீன்தொட்டிப் பின்னறைத் தரைகள்: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

ஆய்வுப் பொருள்: கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வீட்டில் மோட்டார், ஃபில்டர், சம்ப் ஆகியவை குடியிருக்கும் பின்னறைக்கு எந்தத் தரை போடுவது? கருதுகோள்: தண்ணீர் ஈரமானது. எதிர்க் கருதுகோள்: கொத்தனார் சொல்வது.

தமிழில் எந்த ஆய்வும் சங்க காலத்தைத் தொட்டு வணங்காமல் தொடங்கக் கூடாது. ஆகவே முதலில் கொற்கை. கால்டுவெல் அங்கே தோண்டினார். 1968-ல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. 2021-ல் மறுபடியும் தோண்டினார்கள். பானை ஓடு கிடைத்தது, செங்கல் கட்டுமானம் கிடைத்தது, சங்கு கிடைத்தது. ஃபில்டர் ரூம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். இந்தத் தர்க்கத்துக்கு நான் உரிமை கோரவில்லை. அது துறையின் பொதுச்சொத்து.

அடுத்தது முத்துக்குளிப்புக் காலம். சிப்பியைக் கொட்டு என்ற அடைப்புகளில் குவித்து அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கினார்கள். நீரும் நாற்றமும் மணலில் இறங்கின. கிரவுட் என்ற இடுக்குப் பூச்சு தேவைப்படாத தரை அது. 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாகக் குளித்து ஏறியதோடு இந்தத் தரைமரபும் அறுந்தது. எதிர்க்கரையில் இலங்கைச் சிப்பிகளை ஆராய்ந்த ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதி எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. 1907-க்குப் பிறகு அங்கே பல ஆண்டுகள் குளிக்கச் சிப்பி இல்லை. ஐந்தையும் படித்திருக்கும், பாவம்.

1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் வளர்ப்பு முத்து எடுத்தார்கள். 1981-ல் தூத்துக்குடியில் தொட்டிக்குள்ளேயே முத்துச்சிப்பிக் குஞ்சுகளை உற்பத்தி செய்தார்கள். சிப்பியைப் பற்றிக் கட்டுரைகள் உண்டு, நீரின் உப்பைப் பற்றி அட்டவணைகள் உண்டு. தொட்டியருகே நின்றவர்களின் காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று நான் படித்த எதிலும் இல்லை. இதைத்தான் நாங்கள் ஆய்வு இடைவெளி என்கிறோம். இதற்குள் ஒரு முனைவர் பட்டம் தாராளமாகப் படுத்து உறங்கலாம்.

இனி வகைப்பாடு.

மரத்தரை: ஊதும்.

மார்பிள்: கண்ணாடியில் படியும் சுண்ணாம்பை எடுக்க வினிகர் தேய்ப்பார்கள். மார்பிளும் சுண்ணாம்புதான். எதை அரிக்கக் கூடாது என்று வினிகருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ரெட் ஆக்சைடு: பாட்டி வீட்டில் இருந்தது. ஆகவே அதை விமரிசிக்கத் தடை.

ஆத்தங்குடிக் கல்: சூளை காணாத சிமெண்டுக் கல். உப்புத்தண்ணீரை ஆசையாகக் குடிக்கும். காரைக்குடியில் நன்றாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

விட்ரிஃபைட் டைல்ஸ்: அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது என்கிறார் கடைக்காரர். உண்மை. ஆனால் தண்ணீர் டைல்ஸ் வழியாகப் போக வேண்டும் என்று ஒப்பந்தம் ஏதும் இல்லை. அது இடுக்கு வழியாகப் போகிறது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 255 லிட்டர் பிடிக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் தொட்டிக்குள் ஒன்பது கிலோ உப்பு. சிந்திய நீர் காய்ந்துவிடும், உப்பு போகாது. சிமெண்ட் கிரவுட்டுக்குள் இறங்கி, படிகமாகி, உள்ளேயிருந்து நெம்பும். இன்னும் கீழே போனால் கான்கிரீட் கம்பி துருப்பிடிக்கும். ஊருக்கு வெளியே பாத்தி கட்டி, வெயில் பார்த்து, வாரி எடுக்கும் சரக்கு இங்கே கூலியில்லாமல் விளைகிறது. எபாக்ஸி கிரவுட் போட்டால் விளைச்சல் இல்லை.

இத்தனையும் துணைத்தலைப்புகள். ஆய்வின் உயிர் தரையின் வாட்டத்தில் இருக்கிறது.

மோட்டார் பின்னறை சம்ப்பிலிருந்து ஹால் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. நிரம்பி வழிவது திரும்பி வருகிறது. கரண்ட் போனதும் மோட்டார் நிற்கும், தண்ணீர் நிற்காது. ஏற்றிய குழாயின் வாய் நீருக்குள் இருப்பதால் அதே வழியாக இறங்கி வரும். வாய் காற்றைத் தொடும்வரை வரும். இதைத் தடுக்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்ன ஓட்டை போடுவார்கள். ஓட்டையைப் பாசி அடைக்கும். அடைத்த அன்று ராத்திரிதான் கரண்ட் போகும் (மின்சாரவியல், முதல் விதி). சம்ப் நிரம்பித் தரையில் வழியும். அப்போது தரை எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே கேள்வி.

மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு போதும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை (கொத்தனார், வாய்மொழி). எந்தத் திசை என்பதில்தான் அறிஞர் உலகம் பிளவுபடுகிறது. ரசமட்டப் பள்ளியினர் குமிழைப் பார்த்துச் சொல்வார்கள். செம்புப் பள்ளியினர் ஒரு செம்புத் தண்ணீரைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் குத்தவைத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் முதலில் பரவி நிற்கிறது. ஒரு ஓரம் தடிக்கிறது. பிறகு நாக்கு நீட்டி, சிமெண்ட் தூசியை முன்னால் தள்ளிக்கொண்டு, டைல்ஸ் விளிம்பில் தயங்கி, தாண்டிப் போகிறது. “போகுதுல்லா அண்ணாச்சி, அம்புட்டுதான்” (கொத்தனார், மேலது, வெற்றிலை போட்ட பிறகு). “நடுவுல ஒரு குண்டு நிக்கிது, பாக்கலையா?” (கொத்தனாரின் மச்சினன், மறுப்புரை, டீக்கடை வாசல், முதல் டீயில் வலியுறுத்தியது, இரண்டாம் டீயில் தளர்த்தியது, பஜ்ஜிக்குப் பின் முற்றாகத் திரும்பப் பெற்றது).

மூன்றாவது, ஈசானியப் பள்ளி. வாட்டம் வடகிழக்கே போக வேண்டும் என்கிறது. வடகிழக்கில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தது. நீர் ஈசானியத்துக்கு, நெருப்பு அக்கினி மூலைக்கு என்று வாஸ்து நிபுணர் பேட்டரியைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொன்னார். தண்ணீரும் கரண்டும் பிரிந்தன, வேலை கச்சிதம். காரணம் எப்படியோ, முடிவு சரி. காரணங்கள் பக்கம் பக்கமாய் வரிசை கட்டி நிற்க, முடிவு மட்டும் கோட்டைவிடும் நம் ஆய்வேடுகளுக்கு இது நேர் எதிர்.

ஈசானியத்தில் ஓட்டை போட்டுக் குழாய் பொருத்தியாயிற்று. அதன் வாய் திறந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் கருவேப்பிலை நின்றது. “ஒங்க மீனு உப்புல வாழும், எங்க கருவேப்பிலை வாழுமா?” (பக்கத்து வீட்டு அக்கா, வாய்மொழி, மதிலுக்கு மேலிருந்து, இரு கைகளும் இடுப்பில், தெருவில் மீன்கூடை இறக்கிய பெண்மணி சாட்சியாக, மறுநாள் காலை கோலம் போடும்போது விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு). இதற்கு மறுப்பு எழுத எந்தப் பள்ளியும் முன்வரவில்லை. குழாயைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்புகிறார்கள். அப்படியானால் டைல்ஸை எல்லாம் பெயர்த்து வாட்டத்தை முதலிலிருந்து விட வேண்டும் என்கிறார் கொத்தனார். கூலி தனி.