லாஞ்ச் மாமா

மாட்டுங்காவில் லாஞ்ச் மாமா இல்லாத கட்டடம் அபூர்வம். உறவுக்காரர்கள் தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "திங்கக்கிழமையும் இருப்பேளோன்னோ?" என்பது. பாசத்தில் கேட்கிறார் என்று ஏமாந்துவிடக் கூடாது. எலிஃபண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மிச்ச நாட்களில் எதை அந்தத் தீவுக்குப் போகும் லாஞ்ச் படகுக்கு ஒதுக்குவது என்று மாமாவின் மனசு அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

பம்பாயைத் தண்ணீரிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். (பெயர் மாறியது 1995-இல். பேரன் எத்தனை திருத்தினாலும் 'மும்பை' அவர் வாயில் வராது.) தரையில் நின்றால் ஜனங்களின் முதுகுதான் தெரியும் என்பார். அனுபவஸ்தர் பேச்சு. உத்தியோக காலம் முழுக்க லோக்கல் ரயிலில் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டே போய்வந்தவர். ஃபோர்ட்டில் ஆபீஸ், எட்டி நடந்தால் கடல். ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பியதாகத் தகவல் இல்லை. பென்ஷன் வர ஆரம்பித்த பிறகுதான், தாம் குடியிருப்பது தீவில் என்கிற விஷயம் அவருக்கு உறைத்தது.

கேட்வே ஆஃப் இந்தியா வாசலிலேயே கச்சேரி தொடங்கிவிடும். "1911-ல ஜார்ஜ் ராஜா வந்து இறங்கினப்போ இது கிடையாது. அட்டையிலே ஒண்ணு பண்ணி நிக்க வெச்சிருந்தான். நிஜக் கட்டடம் முடிஞ்சது 1924-ல. ராஜாவுக்கு அட்டை, உங்களுக்கு அசல்!" சொல்லிவிட்டு, அதைத் தாமே கட்டி முடித்த களைப்போடு நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

லாஞ்சில் மேல்தளத்துக்குத் தனியாகக் காசு. "கீழயே காத்து ஜோரா வரது" என்று மாமா தீர்ப்புச் சொல்லும்போதே குழந்தைகள் மேலே ஏறியிருப்பார்கள். அவர்களைக் கண்காணிக்க மாமா ஏறுவார். மாமாவிடம் காசு கேட்க ஆள் வந்து நிற்பான். உயிர்காப்பு ஜாக்கெட் பற்றி முன்பு ஒரு ஜோக் வைத்திருந்தார். 2024 டிசம்பர் 18 அன்று கடற்படையின் வேகப் படகு மோதி எலிஃபண்டா போகும் படகு ஒன்று கவிழ்ந்து, பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றிலிருந்து அந்த ஜோக் இல்லை. எல்லோருடைய ஜாக்கெட் நாடாவையும் தம் கையாலேயே இழுத்துக் கட்டுகிறார், ஒல்லியான மருமானுக்கு மூச்சு முட்டும்வரை.

இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரல் எழுப்பி அவர் கடலையே ஒப்புவிப்பார். 1903-இல் திறந்த தாஜ் ஹோட்டல், கடற்படைக் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் புட்சர் தீவு. கடற்காகங்களுக்கு வேஃபர்ஸ் போட்டுக்கொண்டிருக்கும் குஜராத்திக் குடும்பம் திரும்பிப் பார்த்தால், அவர்களுக்காக ஒரு தடவை ஹிந்தியிலும் நடக்கும்.

மாமாவின் மகள் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறாள். போன வருஷம் கால்வாய்ப் படகில் உட்கார்த்திவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினாள். 17ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டு வெட்டிய கால்வாய்கள், 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. மாமாவுக்கு எதுவும் ஒட்டவில்லை. காரணம், காதில் மாட்டிவிட்ட ஹெட்ஃபோன். விளக்கமெல்லாம் அதுவே சொல்லிவிட்டால் மனுஷன் எதற்கு? திரும்பி வந்து மகாஜனங்களுக்கு அவர் அறிவித்தது இதுதான்: "அவன் மண்ணை வெட்டித் தண்ணி விட்டான். நாம ஏழு தீவுக்கு நடுவுல இருந்த தண்ணியத் தூர்த்து மண்ணாக்கினோம். எது பெரிய வேலை, சொல்லுங்கோ!"

தீவில் இறங்கியதும், "யானை எங்கே மாமா?" என்று ஒரு குழந்தை கேட்டே தீரும். "பைகுல்லாவுல!" போர்ச்சுகீசியர்கள் தீவுக்குப் பெயர் வைக்கக் காரணமான கல் யானையை 1864-இல் வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்துக்குத் தூக்கிப் போகப் பார்த்து உடைத்துவிட்டார்கள். ஒட்டவைத்த யானை இன்று பைகுல்லாவின் பாவு தாஜி லாட் மியூசிய வளாகத்தில் நிற்கிறது. அதற்கு இன்னொரு நாள், இன்னொரு சொற்பொழிவு. குகைக்குள் இருக்கும் ஏறத்தாழ இருபதடி உயரச் சதாசிவர் சிலையைப் பார்க்க விருந்தாளிகள் நூற்றிச் சொச்சம் படி ஏறுவார்கள். மாமாவுக்கு முழங்கால். அடிவாரத்தில் மாமி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பது அவர் பொறுப்பு.

செம்பூரில் இதே மாமா வேறு வார்ப்பு. டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் ரிட்டையர் ஆனவர். லாஞ்சிலிருந்து தூரத்து அணு உலைக் கும்மட்டத்தைக் காட்டி, "அதோ நம்ம ஆபீஸ்" என்பார். ஆசியாவின் முதல் அணு உலை அப்சரா, 1956. அதற்கு மேல் கேட்டால் வாய் பூட்டு. ரகசியமா, மறதியா என்பது அவர் சகதர்மிணிக்கே தெரியாது.

தாராவி அண்ணாச்சி இன்னொரு ஜாதி லாஞ்ச்காரர். வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துத் தாராவியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள்; திருநெல்வேலியிலிருந்து வரும் மச்சான் குடும்பத்தை அண்ணாச்சி காசு கொடுத்துத் தாராவியிலிருந்து வெளியே கூட்டிப் போகிறார். போரிவலி போய், கோராய் கழியில் படகு ஏறி, எஸ்ஸெல் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா. 2022-இல் ராட்டினங்கள் நின்றன. படகு நிற்கவில்லை, பக்கத்தில் விபஸ்ஸனா பகோடா இருக்கிறது. தூணே இல்லாத பிரம்மாண்டக் கும்மட்டம், எண்ணாயிரம் பேர் உட்காரலாம், மூச்சுக்காட்டக் கூடாது. ராட்டினத்துக்குக் கிளம்பி வந்த பிள்ளைகளைப் பார்த்து அண்ணாச்சி உதட்டில் விரல் வைக்கிறார்: "ஏலே, சும்மா இருங்கல. இதுவும் நல்லாத்தாம் இருக்கும்."

மாட்டுங்கா மாமாவுக்குக் கடைசிக் காட்சி ஏர்போர்ட் டாக்சியில். தாராவியைத் தாண்டி மித்தி ஆற்றுப் பாலம். "விஹார் ஏரியிலேர்ந்து வரது. 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாக்ரூஸ்ல 944 மில்லிமீட்டர் மழை! ஊரையே முழுங்கித்து" என்று அதைப் பெண்ணுக்கு வந்த ராங்க் மாதிரி சொல்வார். சென்னை அத்திம்பேர் விடுவாரா? 2015 டிசம்பர் வெள்ளத்தையும் அடையாற்றையும் எடுப்பார். போதாதென்று கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் இறக்குவார். "அந்தக் கால்வாய்ல ஒரு காலத்துல படகு போச்சு, தெரியுமோ?" "இதுலயும் போகும், சுத்தம் பண்ணினா!" "முதல்ல கூவத்தைப் பண்ணட்டும்!"

உத்தரப்பிரதேசத்து டாக்சிக்காரர் பின்னால் திரும்பி, இருவரையும் கண்ணாடியை ஏற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.